ஆரம்பப் பள்ளியில் கையும் கண்ணும்

தேச முன்னேற்றத்தைப் பற்றிப் பேசுவோர் எல்லோரும் கல்வியைப் பற்றிப் பேசுகின்றனர். கல்வியைப் பற்றிப் பேசுவோரில் பெரும்பாலோர் கலாசாலைகளையும், வைத்தியக் கல்லூரிப் பிரவேசப் பரீட்சைகளையும் பற்றியே பேசுகின்றனர். ஐந்து வயதுக் குழந்தை முதன் முதலாக வந்து உட்காரும் ஆரம்பப் பள்ளி வகுப்பறையில் அன்றாடம் நடப்பது யாது என்று விசாரிப்பவர் மிகச் சிலரே. அவ்வறையில் குழந்தையின் வாய்க்கு வேலை உண்டு. செவிக்கு வேலை உண்டு. கண்ணுக்கும் கைக்கும் உள்ள வேலையோ கரும்பலகையைப் பார்த்து எழுதுவதோடு முடிந்துவிடுகிறது. இந்நிலை மாற வேண்டும். சாஸ்திரமும் சித்திரமும் ஆரம்ப வகுப்பிலேயே ஒவ்வொரு குழந்தையின் கைக்கும் வந்து சேர வேண்டும். சர்க்கார் மனமிரங்கிச் செய்யும் உபகாரமாக அல்லாமல், சட்டம் அளித்த உரிமையாகவே இதை ஜனங்கள் கேட்டுப் பெற வேண்டும் என்பதே இன்று நாம் வற்புறுத்த விரும்புவது.

உரிமை என்று சொல்வதற்கு ஆதாரம் உண்டு. 2009-ல் பார்லிமெண்டு நிறைவேற்றி, 2010 ஏப்ரல் 1-ந் தேதி முதல் அமுலுக்கு வந்த குழந்தைகளின் கட்டாய இலவசக் கல்விச் சட்டத்தின் 29-வது பிரிவு, பாடத்திட்டம் எவ்வாறு அமைய வேண்டும் என்று விதிக்கிறது. செயல்களின் மூலமும், தானே தேடிக் கண்டுபிடிப்பதன் மூலமும் குழந்தை கற்க வேண்டும் என்பது அவ்விதிகளுள் ஒன்று. சட்டத்தின் சொற்கள் தெளிவானவை, வியாக்கியானத்துக்கு இடமில்லை. ஆயினும் சட்டப் புத்தகத்திலிருந்து வகுப்பறைக்கு உள்ள தூரம் நம் நாட்டில் எப்போதும் நெடுந்தூரமாகவே இருந்து வருகிறது.

கையால் கற்பது என்று நாம் கூறுவதன் பொருளை முதலில் விளக்குவோம். சூரியன் கிழக்கே உதிக்கிறது, நடுப்பகலில் தலைக்கு நேரே நிற்கிறது என்று குழந்தை மனப்பாடம் செய்கிறது. இதைச் சோதிக்க வேண்டிய சாதனம் ஒரு மூங்கில் கழியும், சிறிது சுண்ணாம்புக் கட்டியும் தவிர வேறில்லை. பள்ளி முற்றத்தில் கழியை நேராக நட்டு, நிழல் விழும் நுனியை மணிக்கு ஒரு முறை குறிக்கச் சொல்லுங்கள். நிழல் மிகக் குறுகும் வேளை கடிகாரத்தின் பன்னிரண்டு மணிக்குச் சரியாக நேர்வதில்லை என்று குழந்தை காணும். வருஷம் முழுவதும் அவ்வாறு குறித்து வந்தால், சென்னைப் பட்டினத்தில் நடுப்பகல் நிழல் அடியோடு மறைவது ஏப்ரல் மாதக் கடைசி வாரத்தில் ஒரு நாளும், ஆகஸ்டு மாத நடுவுக்குப் பின் ஒரு நாளும் ஆக இரண்டே நாட்கள் என்று அறியும். அவ்விரு நாட்களுக்கு இடைப்பட்ட காலத்தில் நடுப்பகல் நிழல் தெற்கே சாய்கிறது. மற்றக் காலத்தில் வடக்கே சாய்கிறது. பூமியின் சாய்வைப் பற்றிப் பத்துப் பக்கம் படித்தவனுக்கு வராத ஞானம், பத்து வயதுப் பெண்ணுக்கு ஒரு கழியால் வந்துவிடும். அதனினும் பெரிய லாபம் ஒன்று உண்டு: அச்சிட்ட வாக்கியத்தையும் சோதித்துப் பார்க்கலாம் என்ற துணிவு அவளுக்குப் பிறக்கும்.

சித்திரமும் இத்தகையதே. வேப்பிலையை நினைவிலிருந்து எழுதச் சொன்னால், குழந்தை இருபுறமும் ஒத்த ஒரு சிறு கண் வடிவத்தைப் போட்டுவிடும். இலையைக் கையில் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். ஓரம் ரம்பப் பல்லாக இருப்பதும், அடிப்பாகம் இருபுறமும் சமமின்றிக் கோணி நிற்பதும் அப்பொழுதுதான் கண்ணில் படும். புல்லின் நரம்புகள் ஒன்றோடொன்று இணையாக ஓடுகின்றன. பூவரச இலையில் வலைபோல் பின்னிக்கிடக்கின்றன. தாவர சாஸ்திரத்தின் ஒரு பெரும் பாகுபாட்டுக்கு அடையாளமான இவ்வேற்றுமையை, எழுதுகோலைப் பிடித்த கை கண்ணுக்குக் காட்டிக் கொடுக்கிறது. இலையை எழுதும் குழந்தை செய்வது சித்திரப் பயிற்சியா, சாஸ்திரப் பயிற்சியா? இந்த வயதில் இரண்டும் ஒன்றே. உற்று நோக்குதல், நோக்கியதை உள்ளபடி குறித்தல், குறித்ததை மற்றவன் குறித்ததோடு ஒப்பிடுதல் என்பன இரண்டுக்கும் பொதுவான முதற்படிகள். இவற்றைக் கால அட்டவணையில் இரு வேறு மணிகளாகப் பிரித்து, ஒன்றைப் பரீட்சைப் பாடம் என்றும், மற்றதைப் பொழுதுபோக்கு என்றும் ஆக்கியது நிர்வாகத்தின் வசதிக்காகச் செய்த ஏற்பாடேயன்றி வேறன்று.

நம் பள்ளிகள் ஏட்டோடு இவ்வாறு ஒட்டிக்கொண்டது எப்படி? அன்னிய ஆட்சி தனக்கு வேண்டிய குமாஸ்தாக்களைத் தயாரித்தது என்று மெக்காலேயின் 1835-ம் வருஷக் குறிப்பை எடுத்துக் காட்டுவது வழக்கம். அது உண்மையின் ஒரு பாகமே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை ராஜதானியில், இன்ஸ்பெக்டர் நடத்தும் பரீட்சையில் தேறிய மாணாக்கர் தொகையை எண்ணிப் பள்ளிக்கு மானியம் அளக்கும் முறை இருந்தது. படிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றையும் ஒப்பிக்கும் பிள்ளையால் உபாத்தியாயருக்குக் காசு வரும். இலையை உற்றுப் பார்க்கும் பிள்ளையால் என்ன வரும்? அம்முறை போய் நூறு வருஷங்களுக்கு மேலாகிறது; அது வளர்த்த மனோபாவம் போகவில்லை. பரீட்சையில் கேட்கப்படாதது பள்ளியில் கற்பிக்கப்படுவதில்லை என்ற விதி இன்றும் எழுதாச் சட்டமாக நிலவுகிறது.

இதை மாற்ற முதலில் முயன்றது தேசிய இயக்கமே என்பதை நேயர்கள் அறிவர். 1937 அக்டோபரில் வார்தாவில் மகாத்மா காந்தி கூட்டிய மகாநாடு, ஏழு வயது முதல் பதினான்கு வரை தாய்மொழியில், ஒரு கைத்தொழிலை நடுவாகக் கொண்ட கல்வி வேண்டும் என்றது. திட்டத்தை வகுக்க ஜாகீர் ஹுசேன் தலைமையில் அமைந்த கமிட்டியில் தமிழர் இருவர் இருந்தனர்: ஒருவர் கிராமப் பொருளாதார நிபுணர் ஜே. சி. குமரப்பா, மற்றவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேவாகிராமத்தில் தம் வாழ்நாளைச் செலவிட்ட ஆரியநாயகம். 1938 பிப்ரவரியில் ஹரிபுரா காங்கிரஸ் அக்கல்வியின் தத்துவத்தை ஏற்றது. அதே ஹரிபுராவின் பந்தல்களை அலங்கரித்தவை, சாந்திநிகேதனத்து நந்தலால் போஸ் எழுதிய சித்திரங்கள். உழவனும், தச்சனும், பஞ்சு கொட்டுபவனும், மத்தளம் வாசிப்பவனும் அச்சித்திரங்களில் இடம் பெற்றனர். கைக்கு மரியாதை கொடுக்கும் கல்வியும், கையின் உழைப்பைக் கண்ணுக்கு அழகாகக் காட்டிய கலையும் ஒரே மைதானத்தில் சந்தித்தன. வார்தாத் திட்டத்தில் சித்திரமும், சங்கீதமும், பொது சாஸ்திரமும் இராட்டையோடு கூடவே இடம் பெற்றிருந்தன என்பதைப் பலர் மறந்துவிட்டனர். சாந்திநிகேதனத்தில் பயின்ற தேவி பிரசாத் சேவாகிராமத்துக்கு வந்து, கிராமக் குழந்தைகளுக்குச் சித்திரம் கற்பித்து, கலையே கல்விக்கு அடிப்படை என்ற தமது அநுபவத்தைப் பின்னர் நூலாக எழுதினார்.

அத்திட்டம் ஏன் வேரூன்றவில்லை? குழந்தைகள் செய்யும் பொருளை விற்று உபாத்தியாயர் சம்பளத்தைக் கொடுக்கலாம் என்ற யோசனை அதற்குத் தொடக்கத்திலேயே பகையைத் தேடித் தந்தது. பின்னர் பல இடங்களில் தக்ளி சுற்றுவது, அறிவைத் தேடும் வழியாக இராமல், மற்றொரு மனப்பாடமாக ஆகிவிட்டது. பஞ்சின் தன்மை யாது, முறுக்கினால் நூல் வலுப்பெறுவது ஏன் என்று கேட்காமல், இத்தனை முழம் நூல் என்று மட்டும் அளந்தார்கள். பட்டணத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பள்ளியும், கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆதாரப் பள்ளியும் என்ற பிரிவினை ஏற்பட்டபோது, கிராமத்துத் தந்தை தம் மகனுக்கு இரண்டாந்தரச் சரக்கு கொடுக்கப்படுகிறது என்று சந்தேகித்தார். அவர் சந்தேகத்தைக் குறை கூற நமக்கு வாயில்லை.

தமிழ் நாட்டில் அச்சந்தேகம் பின்னும் ஆழமானது. 1953-ல் ராஜாஜி மந்திரிசபை, கிராம ஆரம்பப் பள்ளிகளின் நேரத்தைத் தினம் மூன்று மணியாகக் குறைத்து, மிகுதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. பெரியாரும், திராவிட இயக்கத்தாரும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று கண்டித்தனர். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு மூண்டது. ராஜாஜி பதவியை விட்டு இறங்கினார். 1954-ல் காமராஜர் மந்திரிசபை அத்திட்டத்தைக் கைவிட்டது. ராஜாஜி அவர்களின் உள்நோக்கம் யாதாயினும், ஜாதிக்கொரு தொழில் என்று பல நூற்றாண்டு கட்டுண்டு கிடந்த சமூகத்தில், தந்தையின் தொழிலைப் பழகு என்று பிள்ளையிடம் சொல்வதற்கு ஒரு பொருள்தான் உண்டு. அதை ஜனங்கள் சரியாகவே கண்டு, சரியாகவே நிராகரித்தார்கள்.

ஆனால் அந்த நிராகரிப்பிலிருந்து ஒரு தவறான பாடத்தையும் நாம் கற்றுக்கொண்டோம் என்று கூறத் துணிகிறோம். கைவேலை என்ற பேச்சு எழுந்தாலே, அது ஏழையை ஏழையாகவும், தாழ்த்தப்பட்டவனைத் தாழ்ந்தவனாகவும் நிறுத்தி வைக்கும் சூழ்ச்சி என்ற எண்ணம் நம்மவரிடையே படிந்துவிட்டது. விளைவு என்ன? ஏடு உயர்ந்தது, கை தாழ்ந்தது என்ற பழைய வருணாசிரம மதிப்பீடே வேறு வேஷத்தில் வகுப்பறைக்குள் உட்கார்ந்துகொண்டது. குலக்கல்வியை ஒழித்ததன் நிறைவு, கையை வகுப்பறையிலிருந்து ஒழிப்பதில் இல்லை; எல்லாக் கைகளையும் ஒரே வேலையில் இறக்குவதில் இருக்கிறது. குயவர் மகனும் வக்கீல் மகளும் ஒரே மண்ணைப் பிசைய வேண்டும். வெயிலில் விரைந்து காய வைத்த பானை வெடிப்பதும், நிழலில் மெல்லக் காய்ந்தது நிலைப்பதும் ஏன் என்று இருவரும் சேர்ந்து கேட்க வேண்டும். கோலம் போடும் பெண் அறிந்த புள்ளிக் கணக்கை, அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பையனும் பழக வேண்டும். தந்தையின் தொழில் பிள்ளை மேல் சுமத்தப்படும் இடத்தில் ஜாதி வளரும். எல்லாத் தொழிலின் நுட்பமும் எல்லாப் பிள்ளைக்கும் திறக்கப்படும் இடத்தில் ஜாதி தளரும். இந்த வேற்றுமையைத் தெளிவாகப் பிடித்துக்கொண்டால் ஆட்சேபம் தானே விலகும்.

இன்று வசதியுள்ளோர் தம் குழந்தைகளை அனுப்பும் பள்ளிகளின் விளம்பரங்களைப் பாருங்கள். களிமண் வேலை, சித்திரக் கூடம், குழந்தைகளுக்கான ஆய்வுக்கூடம் என்று வரிசையாகப் போட்டு, அவற்றுக்கெனத் தனிக் கட்டணமும் வாங்குகின்றனர். கைவேலை தாழ்வு என்று அவர்கள் கருதுவதாகத் தெரியவில்லை. பணக்காரன் காசு கொடுத்து வாங்கும் பொருளை, ஏழைக்கு வேண்டாத பொருள் என்று நாமே தள்ளுவது விவேகமாகுமா?

இது நடவாத காரியம் என்பார்க்கு மத்தியப் பிரதேசம் பதில் சொல்லும். இன்று நர்மதாபுரம் எனப் பெயர் மாறியுள்ள ஹோஷங்காபாத் ஜில்லாவில், 1972-ல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஒரு பரிசோதனை தொடங்கிற்று. ரசூலியாவில் இருந்த நண்பர்கள் கிராம நிலையமும், கிஷோர் பாரதி என்ற ஸ்தாபனமும் முன்னின்றன. டாட்டா ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகளும், டெல்லி சர்வகலாசாலை ஆசிரியர்களும் கிராமத்துக்கு வந்து உபாத்தியாயர்களோடு தரையில் உட்கார்ந்து வேலை செய்தனர். பிள்ளைகள் நால்வர் நால்வராகக் கூடிச் சோதனை செய்து, கண்டதைத் தாமே எழுதினர். விடையைப் புத்தகம் சொல்லவில்லை. 1978-ல் திட்டம் ஜில்லா முழுவதற்கும் பரவிற்று. 1982-ல் தோன்றிய ஏகலவ்யா ஸ்தாபனம் அதைப் பொறுப்பேற்று நடத்தியது. பிற்காலத்தில் பதினைந்து ஜில்லாக்களில் சுமார் ஆயிரம் பள்ளிகளை அது எட்டியது. குழந்தைகள் தம் ஐயங்களைக் கடிதமாக எழுதி அனுப்புவதற்கென்று சவாலிராம் என்ற கற்பனைப் பெரியவர் ஒருவரையும் ஏற்படுத்தினர். எல்லாவற்றினும் முக்கியமானது பரீட்சையை மாற்றியதே. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். கையால் சோதனை செய்து காட்டும் பரீட்சையும் தனியே உண்டு. புத்தகம் திறந்திருக்கும்போது மனப்பாடத்துக்கு விலை ஏது?

அங்கே வந்து சேர்ந்தவர்களுள் ஒருவர், கான்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற எஞ்சினியர் அரவிந்த் குப்தா. தீக்குச்சிகளையும், சைக்கிள் வால்வில் செருகும் மெல்லிய ரப்பர்க் குழாயையும் கொண்டு அவர் குழந்தைகளுக்கு வடிவ கணிதம் காட்டினார். நான்கு குச்சிகளால் செய்த சதுரம் விரல் பட்டதும் சாய்கிறது. மூன்று குச்சிகளால் செய்த முக்கோணம் அசைவதில்லை. கூரைச் சட்டத்திலும், ரெயில் பாலத்திலும், மின்சாரக் கோபுரத்திலும் முக்கோணங்கள் நிறைந்திருப்பதன் காரணம் காலணாச் செலவில் விளங்கிவிடுகிறது. சாதனங்களுக்குப் பணம் எங்கே என்று கேட்கும் உத்தியோகஸ்தர்கள் இதைக் கவனிப்பாராக.

அத்தகைய திட்டம் முப்பது வருஷம் நடந்து, 2002-ல் ராஜ்ய சர்க்காரின் உத்தரவு ஒன்றால் நிறுத்தப்பட்டது. உத்தரவால் பிறந்தது உத்தரவால் மடிந்தது. பெற்றோரும் ஊராரும் அதைத் தங்கள் சொத்தாகக் கருதிக் காத்து நிற்கும் அளவுக்கு ஜனபலம் சேர்ந்திருந்தால், ஒரு காகிதத்தால் அது மூடப்பட்டிராது என்பது நமது துணிபு. அரசியல் ஊழியம் செய்யும் நண்பர்கள் ஹோஷங்காபாத்திலிருந்து கற்க வேண்டிய முக்கியமான பாடம் இதுவே.

நம் நாட்டிலும் முயற்சிகள் நடந்தன. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007-ல் தமிழ் நாட்டின் அரசாங்க ஆரம்பப் பள்ளிகளுக்கெல்லாம் பரவிற்று. ஆந்திரத்து ரிஷி பள்ளத்தாக்கில் உருவான முறையை ஒட்டியது அது. உபாத்தியாயர் தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார், கரும்பலகை குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கி வந்தது, பயம் குறைந்தது. இவை சிறிய காரியங்கள் அல்ல. ஆயினும், எங்கெங்கே அட்டையை எடுத்து முடித்துத் திரும்ப வைப்பதே செயல் என்று கொள்ளப்பட்டதோ, அங்கங்கே அட்டை மற்றொரு புத்தகமாயிற்று. 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் இயக்கம், கொள்ளை நோய்க் காலத்தில் விட்டுப்போன எழுத்தறிவைச் சீர்செய்ய முனைந்தது, அதுவும் அவசியமே. அதே வருஷம் வந்த வானவில் மன்றம் சோதனைச் சாதனங்களை அரசாங்கப் பள்ளிகளுக்கு எடுத்துச் சென்றது; வரவேற்கிறோம். ஆனால் அது ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கென ஏற்பட்டது. ஆறாம் வகுப்புக்கு வருமுன் குழந்தை ஐந்து வருஷம் வாய்ப்பாடம் ஒப்பித்துப் பழகி, கேள்வி கேட்கும் பழக்கத்தை மறந்திருக்கும். மேலும், விஞ்ஞானம் வகுப்புக்கு விருந்தாளியாக வந்து போகலாகாது. வீட்டு மனிதராகத் தங்க வேண்டும். கலைத் திருவிழாப் போட்டிகளைப் பற்றியும் இதையே சொல்வோம். மேடை ஏறும் குழந்தைக்குப் பரிசு கிடைக்கிறது; கீழே உட்கார்ந்து கைதட்டும் குழந்தைக்குக் கலை எப்போது கிடைக்கும்?

கலை ஆசிரியர் விஷயத்தில் சட்டமே ஓர் ஓட்டை வைத்திருக்கிறது. 2009-ம் வருஷச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் சேர்ந்திருந்தால்தான் கலை, உடற்பயிற்சி, வேலைக் கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் போதகர் வேண்டும் என்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை அவ்வேற்பாடே இல்லை. அறுபது பிள்ளைகள் வரை உள்ள ஆரம்பப் பள்ளிக்கு இரண்டு உபாத்தியாயர் போதும் என்கிறது அதே அட்டவணை. ஐந்து வகுப்புகளுக்கு இருவர்! தமிழ் நாட்டில் 2012-ல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்டனர். பின்னர் ஊதியம் சிற்சில முறை உயர்ந்தது. ஆயினும், எங்களை நிரந்தரமாக்குங்கள் என்று அவர்கள் சென்னைத் தெருக்களில் நின்ற காட்சியை ஜனங்கள் பலமுறை கண்டனர். சித்திரம் கற்பிப்பவருக்குச் சர்க்கார் கொடுக்கும் மதிப்பு எவ்வளவோ, அவ்வளவே சித்திரத்துக்குப் பெற்றோர் கொடுக்கும் மதிப்பும் இருக்கும்.

ஆங்கிலமும் கணக்கும் வந்தால் போதாதா, மண்ணையும் இலையையும் கட்டிக்கொண்டு பிள்ளை எப்படிப் பிழைப்பான் என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் முற்றத்தில் நிழலை அளக்கும் பிள்ளை கணக்கைத்தான் படிக்கிறான். கண்டதைத் தன் சொற்களில் எழுதும் பிள்ளை மொழியைத்தான் பழகுகிறான். கையால் கற்பதற்கு ஒதுக்கும் நேரம் எழுத்திலிருந்தும் எண்ணிலிருந்தும் திருடிய நேரம் ஆகாது. எழுத்துக்கும் எண்ணுக்கும் பொருள் கொடுக்கும் நேரம் அது.

ஆகவே சர்க்காரிடம் நாம் கேட்பவை நான்கு. முதலாவது, ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்புகளிலும், கையால் செய்யும் சாஸ்திரத்துக்கும் சித்திரத்துக்கும் தினந்தோறும் குறித்த நேரம் ஒதுக்கப்பட வேண்டும். அந்நேரத்தை வேறு பாடத்துக்கு எடுக்கலாகாது. இரண்டாவது, அருகருகே உள்ள சில ஆரம்பப் பள்ளிகளுக்குப் பொதுவாகவேனும் ஒரு கலை ஆசிரியர், முழு ஊதியத்தோடும் நிரந்தரப் பதவியோடும் நியமிக்கப்பட வேண்டும். மூன்றாவது, சாதனங்கள் வாங்கச் சிறு தொகை ஒன்று தலைமை உபாத்தியாயர் கையில் நேரே கொடுக்கப்பட வேண்டும். உடைந்த கண்ணாடிக்கும் தீர்ந்த வர்ணத்துக்கும் அவரிடம் விளக்கம் கேட்டு வாட்டலாகாது. சாதனம் அலமாரிக்குள் பூட்டிக் கிடப்பதற்கு முதற் காரணம் தணிக்கைப் பயமே. நான்காவது, பிள்ளை செய்ததையும், எழுதிய சித்திரத்தையும், கேட்ட கேள்வியையும் கணக்கில் எடுக்கும் மதிப்பீட்டு முறை வர வேண்டும். மற்ற மூன்றும் வந்து இது வராவிடில், முன்பு வந்த திட்டங்களின் கதியே இதற்கும் நேரும்.

சர்க்காரைக் கேட்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. அச்சட்டத்தின் 21-வது பிரிவின்படி அரசாங்கப் பள்ளிகளுக்கு நிர்வாகக் குழு உண்டு, அதன் அங்கத்தினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். தேர்தல் காலத்தில் தெருத் தெருவாகச் சுற்றும் ஊழியர்கள், மாதம் ஒரு முறை தம் ஊர்ப் பள்ளிக் குழுவினரைச் சந்தித்து மூன்று கேள்விகள் கேட்கும்படி தூண்டலாகாதா? இம்மாதம் நம் குழந்தைகள் தம் கையால் செய்து பார்த்த சோதனை யாது? அவர்கள் எழுதிய சித்திரம் எங்கே? பூட்டியிருக்கும் அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது? இக்கேள்விகள் நூறு ஊர்களில் எழுந்தால் ஜில்லா அதிகாரி கவனிப்பார்; ஆயிரம் ஊர்களில் எழுந்தால் மந்திரி கவனிப்பார்.

சுயராஜ்யத்தில் பிரஜையின் முதற் கடமை, சொல்வதையெல்லாம் நம்பாமல் தன் கண்ணால் பார்த்து, தன் அறிவால் தீர்ப்பது. அந்தப் பழக்கத்தை இருபத்தொரு வயது வாலிபனுக்கு மேடைப் பிரசங்கத்தால் கற்பித்துவிட முடியாது. பள்ளி முற்றத்தில் நட்ட கழியின் நிழலை அளக்கும் குழந்தைக்கு அது தானாகவே வரும். அந்தக் கழியை நட்டுக்கொடுக்கும் பொறுப்பு சர்க்காருக்கு உண்டு. நட்டிருக்கிறதா என்று போய்ப் பார்க்கும் பொறுப்பு நம்முடையது.